தங்கள் காரில் தங்கள் தங்கை பொருத்திய இரண்டு கேம் கியர்கள் குறித்து

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும், என் இடுப்பு நீங்கலாக, சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே தாங்களும் அக்காவும் மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் முழங்கால் இப்போது மடங்குகிறதா? அக்காவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததா? இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்க வேண்டியவன் நான். ஆனால் போனை எடுத்தால் தாங்கள் மூன்றாவது கேள்வியாக, "வண்டி எப்படி இருக்கு?" என்று கேட்பீர்கள். அந்த மூன்றாவது கேள்விக்குப் பயந்துதான் முதல் இரண்டு கேள்விகளையும் சேர்த்துத் தவிர்த்துவந்தேன். போன மாதம் தாங்கள் ஏழு தடவை கூப்பிட்டபோதும் நான் குளித்துக்கொண்டிருந்ததாகத் தங்களுக்குப் பதில் வந்தது. அவ்வளவு குளிக்கிறவன் நான் இல்லை என்பது தங்களுக்கே தெரியும்.

வண்டி நலம். அதாவது வண்டியின் வெளிப்பக்கம் நலம். மூன்று வருடத்துக்கு முன்பு மகன் வீட்டில் வண்டி நிறுத்த இடமில்லை என்று எங்கள் ஷெட்டில் விட்டு, "வாரம் ஒருதரம் ஸ்டார்ட் பண்ணி வையுங்க மாப்பிள்ளை, நான் வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லிச் சாவியை என் கையில் கொடுத்துப் போனீர்களே, அன்றைக்கு இருந்த அதே நிறம், அதே நம்பர் பலகை, கதவில் அதே கீறல். உள்ளே இருந்தது மட்டும் உள்ளே இல்லை. எஞ்சின் எங்கள் கூடத்தில் இருக்கிறது. அலமாரிக்கும் சோபாவுக்கும் நடுவே ஒரு இரும்புத் தாங்கியில் நிற்கிறது. உட்கார்ந்து படியுங்கள் மச்சான், இன்னும் இருக்கிறது.

இதற்கெல்லாம் காரணம் தங்கள் தங்கை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகு மனச்சாட்சி குறுக்கே நிற்கிறது. நான்தான் காரணம். தையல் ஆலையில் முப்பத்து நாலு வருடம் நானூறு மெஷினுக்கு மெக்கானிக்காக இருந்தவள் போன வருடம் ஓய்வு பெற்றாள். மறுநாள் காலையில் வழக்கம்போல் ஆறு மணிக்கு எழுந்து, தலை வாரி, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஐந்து மாதம் எழுந்திருக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சமைத்தாள், துவைத்தாள், எல்லாம் செய்தாள், ஆனால் செய்து முடித்ததும் திரும்ப வந்து அதே நாற்காலி. நான் மழை வருகிறது என்றால் "ம்" என்பாள், மழை நின்றுவிட்டது என்றால் "ம்" என்பாள், ஒருநாள் வேண்டுமென்றே வீடு பற்றி எரிகிறது என்று சொல்லிப் பார்த்தேன், அதற்கும் ஒரு "ம்". டாக்டரிடம் அழைத்துப் போனேன். தினமும் நடக்கச் சொன்னார். நடந்தாள். நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். எனக்குப் பயமாகிவிட்டது மச்சான். இதைத் தங்களிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை.

ஒருநாள் காலையில் நான் ஷெட்டுக்குப் போய் வண்டியின் பேட்டரி வயரை நானே கழற்றிவிட்டேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. கழற்றிவிட்டு உள்ளே போய், "மச்சான் வண்டி ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது, மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா?" என்றேன். மெக்கானிக் என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து வந்தாள். பானெட்டைத் திறந்தாள். "வயரு கழண்டிருக்கு" என்று மாட்டினாள், வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. மொத்தம் இரண்டு நிமிடம். என் சாமர்த்தியம் அவ்வளவுதான், இனி என்ன கழற்றுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, அவள் பானெட்டை மூடாமல் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றாள்.

"என்னங்க, இதுல டைமிங் தள்ளியிருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்? இது காரும்மா, தையல் மெஷின் இல்ல."

"ஊசி ஒரு நேரத்துல இறங்கணும், கீழ கொக்கி அதே நேரத்துல வந்து நூலைப் பிடிக்கணும். மயிரிழை தப்பினாலும் தையல் விட்டுப்போகும். இதுலயும் எதுவோ ஒண்ணு எதுக்கோ கொஞ்சம் லேட்டா வருது. சத்தத்துல தெரியலையா உங்களுக்கு?"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஐந்து மாதத்தில் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புகை" என்று சொல்லிச் சமாளித்தேன். அன்றைக்கே நான் பானெட்டை மூடியிருக்க வேண்டும்.

டைமிங்கைச் சரி செய்ய பெல்ட்டைக் கழற்றினாள். பெல்ட்டைக் கழற்றியவள் மூடியைக் கழற்றினாள். மூடிக்குக் கீழே இரண்டு தண்டு இருந்தது. அதில் முட்டை முட்டையாகப் புடைப்பு இருந்தது. அதைப் பார்த்ததும், "அட, நம்ம மெஷின்ல இருக்குற கேம்தாங்க இது!" என்று பழைய சிநேகிதியைப் பேருந்தில் பார்த்தவள்போல ஒரு சந்தோஷம். அதன் பிறகு போனில் படம் பார்த்தாள், நோட்டுப் போட்டு எழுதினாள். ஒரு மாதம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, இந்த வண்டியைப் பாதி பெட்ரோல் பாதி பேட்டரி வண்டியாக மாற்றப் போவதாகச் சொன்னாள். "அண்ணன் வண்டி, கேட்க வேண்டாமா?" என்றேன். "முடிச்சுட்டுக் காட்டலாம், அண்ணன் அசந்துபோயிடும்" என்றாள். நீங்கள் அசந்துபோவீர்கள் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை.

பழைய இரும்புக் கடையில் நொறுங்கிக் கிடந்த ஒரு பேட்டரி காரிலிருந்து மோட்டாரை எடுத்து வந்தாள், நம் எஞ்சினை வண்டியிலிருந்து இறக்கிக் கூடத்துக்குக் கொண்டு வந்தாள். முன்சக்கரத்தை எஞ்சின் இழுக்குமாம், பின்சக்கரத்தை மோட்டார் தள்ளுமாம், பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் படுத்துக்கொள்ளுமாம். மோட்டாரை மாட்டி முதல் தடவை சோதித்தபோது இரண்டு வயர் இடம் மாறிவிட்டது. முன்னால் போக வேண்டிய வண்டி பின்னால் போனது. அதுவாவது சத்தம் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். பூனைபோலப் போனது. முற்றத்தில் எங்கள் மாடியில் குடியிருக்கிறவர் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பம்பர் நாற்காலியை மெல்லத் தொட்டு, அவரை அப்படியே சிமெண்டுத் தரையில் நாலடி தள்ளிக்கொண்டு போய்ச் சுவரோரம் விட்டது. அவர் பேப்பரை இறக்கி, சுவரைப் பார்த்து, "நான் அங்கதானே இருந்தேன்?" என்றார். பின்னால் திரும்பிப் பார்த்த பிறகு அவர் சொன்னதை எழுத முடியாது, அக்காவும் இதைப் படிப்பார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை மச்சான். என்னை ஓய்த்துப்போட்டது இந்தக் கேம் கியர்தான். அந்த இரண்டு தண்டின் முனையிலும் ஒவ்வொரு பல்சக்கரம் இருக்கிறது. கம்பெனி போட்டது ஒரே துண்டு, அவன் வைத்த நேரம்தான் நேரம். இவளுக்கு அது போதாது. காற்று உள்ளே போகும் வால்வைக் கொஞ்சம் தாமதமாகச் சாத்த வேண்டுமாம். அப்படிச் சாத்தினால் எஞ்சின் குறைவாகக் குடிக்குமாம். ஆனால் கிளம்பும்போது இழுவை இருக்காதாம், அந்தக் குறையை மோட்டார் பார்த்துக்கொள்ளுமாம். "ஒண்ணு சோம்பேறி, ஆனா சிக்கனம். இன்னொண்ணு அதைத் தள்ளிக்கிட்டே போகும்" என்று விளக்கினாள். இதில் நான் எது என்று கேட்கவில்லை. இதற்கு நகர்த்தக்கூடிய கியர் வேண்டும். வெளியே பல் உள்ள வளையம், உள்ளே தனியாக ஒரு தட்டு, இரண்டையும் பிடித்து ஐந்து போல்ட். போல்ட்டைத் தளர்த்தி உள்தட்டைக் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ நகர்த்தலாம், எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்கக் கோடு கோடாக அளவு போட்டிருக்கும்.

வரவழைத்தோம். முதலில் வந்த ஜோடியில் இரண்டு பல் அதிகம், பெல்ட் உட்காரவில்லை. திருப்பி அனுப்பினோம். இரண்டாவது ஜோடி வந்து சேரவே இல்லை. கூரியர்காரரைக் கேட்டால் கொடுத்தாயிற்று என்கிறார். நான்கு நாள் தேடினோம். ஐந்தாம் நாள் வாடகை ரசீது கொடுக்க மாடிக்குப் போனேன், கூடத்துச் சுவரில் இரண்டும் மாட்டியிருக்கிறது. நல்ல நீல நிறம், பளபளவென்று, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. மாடிக்காரர் பெருமையாக, "பொண்ணு அனுப்பியிருக்கா. ஒண்ணு நம்ம நேரம், இன்னொண்ணு அவ இருக்குற நாட்டு நேரம். முள்ளு மட்டும் இன்னும் வரல" என்றார். ஆணியிலிருந்து கழற்றி வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நாற்காலி விஷயத்தையே அவர் இன்னும் மறக்கவில்லை.

அடுத்தது பொருத்தும் படலம். அவள் ஒரு பக்கம் நின்று பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாள். நான் எஞ்சினுக்கு மறுபக்கம், அலமாரியில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன், இடுப்பு இந்தக் கதிக்கு ஆனது அதனால்தான். "தட்டைப் பின்னுக்குத் தள்ளுங்க" என்றாள். தள்ளினேன். "இன்னும் பின்னுக்கு." இன்னும் தள்ளினேன். ஐந்து போல்ட்டையும் முடுக்கினாள். அவள் எந்த மெஷினையும் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்க்காமல் ஓட்டமாட்டாள், அது ஒரு பழக்கம். பெரிய ஸ்பானரைப் போட்டு எஞ்சினை மெல்லச் சுற்றினாள். அரைச் சுற்றில் தட் என்று ஒரு சத்தம். நின்றுவிட்டது. அவள் முகம் வெளுத்துப்போனது.

"வால்வு பிஸ்டன்ல முட்டுது. நீங்க எந்தப் பக்கம் தள்ளினீங்க?"

"பின்னுக்கு."

"யாருக்குப் பின்னுக்கு?"

"எனக்குப் பின்னுக்கு."

"உங்களுக்குப் பின்னுக்குன்னா எனக்கு முன்னுக்குங்க! எதிர்ல நின்னுக்கிட்டு!"

"நீ வலது இடதுன்னு சொல்லியிருக்கலாமே!"

"அப்ப மட்டும் யாரோட வலதுன்னு கேட்டிருக்கமாட்டீங்களா?"

கையால் சுற்றியதால் வால்வு பிழைத்தது. நாங்கள் பிழைக்க இரண்டு நாள் ஆயிற்று, அந்த இரண்டு நாளும் சாப்பாட்டுத் தட்டுகள்தான் பேசிக்கொண்டன.

பிறகு சரியான பக்கம் தள்ளி வைத்தாள். இனி அளந்து பார்க்க வேண்டும். எஞ்சின் தண்டின் முனையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வட்டத் தகடு மாட்டினாள், அதில் முந்நூற்று அறுபது கோடு. கம்பியை வளைத்து ஒரு முள் செய்து பக்கத்தில் நிறுத்தினாள். வால்வு சாத்தும் இடத்தில் முள் எந்தக் கோட்டைக் காட்டுகிறதோ அதுதான் கணக்கு. முதல் தடவை நாற்பத்தெட்டு. சரிதானா என்று மறுபடி பார்த்தாள், ஐம்பத்தொன்று. மறுபடி, நாற்பத்தாறு. போல்ட்டைக் கழற்றினாள், மாட்டினாள், சுற்றினாள். நாற்பத்தொன்பது. பெல்ட் தளர்வோ என்று அதை மாற்றினாள். நாற்பத்தாறு. கியரே கோணலோ என்று லேத்காரரிடம் கொண்டு போய் ஓட்டிப் பார்த்தாள். கியரில் குற்றமில்லை என்று சொல்லிவிட்டார். ஒரு வாரத்தில் பதினொரு தடவை அந்தக் கியர் ஏறி இறங்கியது. ஒரு தடவை வந்த பதில் அடுத்த தடவை வரவில்லை.

முந்தாநாள் மத்தியானம் ஸ்பானர்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பெட்டியில் அளவு வாரியாக அடுக்கினாள். மூடினாள்.

"என்னம்மா, நாளைக்குப் பார்க்கலாமா?"

"இல்லைங்க. கை போயிடுச்சு."

"என்ன கை போயிடுச்சு?"

"முப்பத்தி நாலு வருஷம் இந்தக் கை சொன்னது தப்பினதில்ல. இப்ப ஒரே போல்ட்டை ஒரே இடத்துல ரெண்டு தடவை வைக்கத் தெரியல. அவங்க சரியான நேரத்துலதான் வீட்டுக்கு அனுப்பியிருக்காங்க."

சொல்லிவிட்டுப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள் மச்சான். முந்தாநாளிலிருந்து இந்த நிமிடம்வரை அங்கேதான் இருக்கிறாள். சற்று முன்பு, "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். "ம்" என்றாள்.

எனக்குச் சலித்துவிட்டது. எழுத எழுதக் கை கனக்கிறது. எதைப் போட்டு அவளை எழுப்பினேனோ அதுவே அவளை மறுபடி உட்கார வைத்துவிட்டது. கூடத்தில் அந்த எஞ்சின் நிற்கும்வரை அவள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். ஆகையால் என் கோரிக்கை என்னவென்றால், தாங்கள் தயவுசெய்து ஒரு லாரி எடுத்துக்கொண்டு உடனே வரவும். வண்டியை ஏற்றிக்கொள்ளவும். எஞ்சினை, மோட்டாரை, பேட்டரியை, அந்த இரண்டு நீலச் சனியனையும் சேர்த்து ஏற்றிக்கொள்ளவும். என்னைத் திட்டுவதாக இருந்தால் தாராளமாகத் திட்டவும், ஆனால் அவளை ஒரு சொல் சொல்ல வேண்டாம். அண்ணன் சொன்னால் கேட்பாள். "போதும்மா, விட்டுடு" என்று நீங்கள் சொன்னால் அவளுக்குத் தோற்ற மாதிரி இருக்காது. நான் சொன்னால் இருக்கும்.

தங்களுக்கும் அக்காவுக்கும் என் பணிவான வணக்கங்கள். மகனுக்கும் மருமகளுக்கும் அன்பும், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதமும். எல்லாரும் நோய்நொடி இல்லாமல், கூடம் கூடமாக மட்டும் இருக்கிற வீட்டில், நீண்ட காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையை இதற்கு மேல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தெரியாத
மாப்பிள்ளை

பி.கு.: மேலே உள்ளதை எழுதி ஏழு வாரம் ஆகிறது. அனுப்பவில்லை. உறையை ஒட்டப் பசை தேடிக் கூடத்துக்குப் போனேன். பசை அலமாரியில், எஞ்சினுக்குப் பின்னால். குனிந்து எடுக்கும்போது கண் அந்த வட்டத் தகட்டில் விழுந்தது. முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படித்தவன் இல்லையா, முள்ளையும் கோட்டையும் கண்டால் என்னையறியாமல் ஒரு கண் மூடிக்கொள்ளும். ஐம்பத்தொன்று. பசையை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்து திரும்பிப் பார்த்தேன். நாற்பத்தாறு. எஞ்சின் அசையவே இல்லை மச்சான், யாரும் அதைத் தொடவே இல்லை. அவள் வளைத்த முள் தகட்டுக்கு ஒரு விரல் அகலம் தள்ளி நிற்கிறது. அலமாரிப் பக்கம் இடமில்லாமல் ஒரு தடவை இங்கிருந்து எட்டிப் பார்த்திருக்கிறாள், ஒரு தடவை அங்கிருந்து. நேராக மண்டி போட்டுப் பார்த்தேன். நாற்பத்தெட்டு.

நாற்காலிக்குப் போய், "உன் கை போகலை, நீ சாய்ஞ்சு நின்னு பார்த்திருக்கே" என்றேன். "ம்" என்றாள். கையைப் பிடித்து இழுத்து வந்து தகட்டுக்கு முன்னால் உட்கார வைத்தேன். பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். மறுபக்கம் சாய்த்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "இதை ஒரு வாரம் முன்னாடியே சொல்றதுக்கு என்ன? வீட்டுல ஒரு மீட்டர்காரர் எதுக்கு இருக்கீங்க?" என்று ஆரம்பித்தாள் பாருங்கள், அரை மணி நேரம் நிறுத்தவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு நிம்மதியாக நான் திட்டு வாங்கியதில்லை.

முள்ளைத் தகட்டை ஒட்டி வளைத்தோம். அவள் ஸ்பானர் பிடித்தாள், நான் மண்டி போட்டுப் படித்தேன். பன்னிரண்டாம் தடவை நாற்பத்தெட்டு, பதின்மூன்றாம் தடவை நாற்பத்தெட்டு, பதினான்கும் அதுவே. எஞ்சின் வண்டிக்குள் போய்விட்டது. கூடத்தில் சோபா பழைய இடத்துக்கு வந்துவிட்டது. வண்டிச் சோதனை அலுவலகத்தில் அதிகாரி பானெட்டை மூன்று முறை திறந்து மூடி, நான்காம் முறை தன் மேலதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டி, ஒருவழியாகத் தாளில் முத்திரை போட்டார்.

இந்தப் பின்குறிப்பை நான் வண்டியில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஓட்டுகிறவள் உங்கள் தங்கை. இரண்டு மணி நேரமாகச் சாலையில் இருக்கிறோம், இன்னும் மூன்று மணி நேரத்தில் உங்கள் வாசலில் இருப்போம். என் கையெழுத்து ஆடவில்லை என்பதைக் கவனிக்கவும். போன் செய்யாமல் வருகிறோம், நீங்கள் அசந்துபோக வேண்டும் என்பது அவள் உத்தரவு. ஆகவே அசந்துபோகவும்.

கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஒரு விஷயம் உங்களிடம் சொல்லியாக வேண்டும், அவள் பக்கத்தில் இருக்கும்போது வாயால் சொல்ல முடியாது. வந்து இறங்கியதும் அவள் சாவியை உங்கள் கையில் கொடுப்பாள். அதற்குத்தான் வருகிறாள். "அண்ணன் வண்டி, அண்ணன்கிட்ட சேர்த்துடணும்" என்று காலையிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டாள், நாலு தடவையும் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே. வாங்காதீர்கள் மச்சான். முழங்கால் வலிக்கிறது, இனி ஓட்ட முடியாது என்று ஏதாவது சொல்லுங்கள். லாரி கொண்டு வரச் சொல்லி மேலே ஒருவன் எழுதியிருக்கிறானே, அவன் பேச்சைக் கேட்காதீர்கள், அவனுக்கு ஒன்றும் தெரியாது.

நீங்கள் இதைப் படிக்கும்போது நான் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். முகத்தை மாற்றிக்கொள்ளாமல் படியுங்கள், அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். "அது என்ன கடிதாசி?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டாம். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ஒரு சுத்து கூட்டிட்டுப் போம்மா" என்று சொல்லுங்கள், எல்லாவற்றையும் மறந்துவிடுவாள். நீங்களும் அக்காவும் பின்சீட்டில் ஏறிக்கொள்ளுங்கள்.

அவளுக்குப் பக்கத்து இடம் என்னுடையது.